பிஸ்க்ராவுக்குப் போகாத அந்துப்பூச்சி

பாலைவன ஓரத்து ஊரான பிஸ்க்ராவில் ஓர் அந்துப்பூச்சி இனம் அழிந்துபோனதாக மூன்று ஆய்வாளர்கள் நாற்பது பக்கத்துக்கு வருந்தியிருந்தார்கள். ஒப்புதல் கையெழுத்துக்கு அந்தக் கட்டுரை வந்தபோது துறைத் தலைவர் லக்தருக்கு வியர்த்தது. அந்தப் பூச்சி பிஸ்க்ராவில் அகப்பட்டதே இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அரிசி நீளம்தான் இருக்கும். வைக்கோல் நிறச் சிறகு, பேனா உதறியது போல இரண்டு பழுப்புப் புள்ளிகள், ஓரத்தில் சீப்புப்பல்லாக மயிர். கடற்கரையிலிருந்து மலைவரை வாழும். தெற்கெல்லை பிஸ்க்ரா என்று புத்தகங்கள் சொல்லும். அதற்கு ஆதாரம் ஒரே ஒரு பூச்சி. பிடித்தவர்: மாணவர் லக்தர், 1987.

அன்று வகுப்பே பிஸ்க்ராவுக்குப் பூச்சி பிடிக்கக் கிளம்பியது. வழியில் எல் கந்தராவில் தேநீருக்கு இறங்கிய லக்தரும் ஸுலிகாவும் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் பிஸ்க்ரா போனதாகப் பிறகு சொன்னார்கள். உண்மையில் அதற்குக் கையாட்டி விடைகொடுத்தார்கள். புதினாத் தேநீர், பேரீச்சை அடைத்த ரவைப் பலகாரம், ஓயாத பேச்சு. சாயங்காலம் அவள் கிளாஸ் விளிம்பில் இது வந்து உட்கார்ந்தது. தீப்பெட்டியில் பிடித்தான். பூச்சியோடு ஊசியில் குத்தும் சீட்டில், பொய்க்குப் பொருந்த, போகாத பிஸ்க்ராவின் பெயரை எழுதினான்.

ஸுலிகா இப்போது கீழ்த்தளத்தில் பூச்சிச் சேகரிப்புக்குப் பொறுப்பாளர். லக்தர் இறங்கிப் போனார்.

"அந்தச் சீட்ட மாத்தணும், ஸுலிகா."

"முப்பத்தேழு வருஷம் கழிச்சா? சீக்கிரமே முழிச்சுக்கிட்ட."

"பசங்க நாப்பது பக்கம் அழுதிருக்காங்க."

"உன் பொய்க்கு இவ்ளோ கண்ணீரா. சொன்னா உன் நாற்காலி போயிடுமே?"

"போகட்டும். ஆனா எல் கந்தரான்னா யார் நம்புவாங்க? அந்த நாள் நடந்ததுக்கே எங்கயும் ஆதாரம் இல்ல."

அவள் இழுப்பறையைத் திறந்தாள். ஊசியின் உச்சியில் பூச்சி, அதன் கீழே அவர் சீட்டு. அதற்கும் கீழே இன்னொரு சீட்டு குத்தப்பட்டிருந்தால் மேலிருந்து தெரியாது. சிறகு உதிர்ந்துவிடும் என்று யாரும் ஊசியை எடுத்துப் பார்ப்பதுமில்லை.

ஸுலிகா எடுத்தாள். அடிச்சீட்டை இடுக்கியால் மெல்ல உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். இருபது வயது ஸுலிகாவின் கையெழுத்து:

'எல் கந்தரா, தேநீர்க்கடை, ஜன்னலோர மேசை. பிடித்தவர் லக்தர். கிளாஸ் ஸுலிகாவுடையது. பஸ் தவறவில்லை.'

லக்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்ட வெகுநேரம் பிடித்தது. பிறகு கட்டுரையின் வரைபடத்தில் தெற்கெல்லையை ஐம்பது கிலோமீட்டர் வடக்கே நகர்த்தினார்.