எழும்பாத கதிரை

தன் அணி தோற்றதற்காகக் கேசரி கிண்டி அயலுக்குக் கொடுத்த ரசிகை, லண்டன் ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அருமைநாயகி ஒருத்தியாகத்தான் இருப்பாள். போன சித்திரையில் ஹெரன்ஸ் கூடைப்பந்து அணி லீக்கில் கடைசி இடத்தைப் பிடித்துச் சீசனை முடித்தது. மறுநாள் காலை, கஜுவும் பிளம்ஸும் மினுங்க, நாயகியின் கேசரி வீடு வீடாகப் போனது.

“என்னக்கா விசேஷம்?” என்று பக்கத்து வீட்டுச் சுசிலா கேட்டாள்.

“ஒண்டுமில்லை. சீசன் நல்லபடியா முடிஞ்சுது.”

சுசிலா வாயில் கேசரியோடு அப்படியே நின்றாள். ஒரு சங்கதி விளங்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு செமிக்காது. ஆனால் நாயகி காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெற்ற மகனே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பான்.

நாயகியின் கணவர் இராஜேந்திரன், ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்த காலத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் ஆடியவர்களைப் பார்த்துப் பார்த்தே கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்தவர். லண்டனுக்கு மாறி வந்ததும் மற்றவர்கள் காணி, கடை என்று அலைய, மனுஷன் ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கத்து மண்டபத்தில் இரண்டு சீசன் ரிக்கெற் எடுத்தார். ஒன்று தனக்கு, மற்றது மனைவிக்கு. நாயகி கச்சான் கடலைப் பையோடு போய்ப் பக்கத்தில் இருப்பாள். “அடியில ஓட்டை இருக்கிற கூடைக்குள்ள பந்தைப் போட்டால் நிக்குமே?” என்று அவள் முதல் நாள் கேட்டதை, இராஜேந்திரன் போன கல்யாண வீடெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஹெரன்ஸ் பேருக்கு ஏற்ற கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றதுதான் மிச்சம், வருடா வருடம் ஒரு மீனும் அகப்படவில்லை. சீசன் தொடங்குகிற ஒவ்வொரு முறையும் அவர் கதிரையின் கையைத் தட்டி ஒரே சத்தியத்தைத்தான் செய்தார்:

“கப் ஒண்டைக் கண்ணால காணாமல் நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்.”

பிறகு ஒரு மாசியில் மாரடைப்பு வந்து அவரை எழுப்பிக்கொண்டு போனது. தெரு அப்படித்தான் நினைத்தது.

அந்த மண்டபத்துக் கதிரைகள், ஆள் எழும்பினால் தானாக மேலே மடிந்துகொள்கிற வகை. வருடத் திவசம் முடிந்த பிறகு நாயகி முதல் முறையாகத் தனியே ஆட்டத்துக்குப் போனாள். பக்கத்துக் கதிரை மடிந்தே கிடந்தது. இடைவேளை முடிந்து ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது, அதாவது இராஜேந்திரன் வினாகிரி தெளித்த உருளைக்கிழங்குப் பொரியலோடு படியேறி வருகிற நேரத்தில், வினாகிரி வாசம் வந்தது. அதன் பின்னால் அவர் பூசுகிற ஓடிக்கொலோன் வாசம். கதிரை மெல்ல, முழங்கால் நோகிற ஒருவர் இருப்பதுபோல, பாதிவழியில் ஒருமுறை தயங்கிக் கீழே இறங்கியது. ஆட்டம் முடியும்வரை இறங்கியே கிடந்தது.

நாயகி பயந்தாளா என்றால், இல்லை. ‘இந்தக் குளிருக்குள்ள ஜம்பர் போடாமல் வந்திட்டியளோ’ என்று மனதுக்குள் ஏசினாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவளுடைய கூடைப்பந்து அறிவு வளர்ந்தது. ஹெரன்ஸ் கப் எடுத்தால் அவர் எழும்பிவிடுவார். எழும்பினால் போய்விடுவார். ஆகவே ஹெரன்ஸ் தோற்கவேண்டும். ஹெரன்ஸும் குறை வைக்காமல் தோற்றது. ஒருமுறை மூக்கை நீட்டிக்கொண்டு கூடப்போன சுசிலாவும் கதிரை இறங்கியதைக் கண்டாள். “ஸ்பிரிங் பழுது. நாயகியக்கா அதைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறா, பாவம்” என்று தெரு முழுக்க ஒலிபரப்பினாள்.

இந்த ஆவணியில்தான் நெருப்பு பற்றியது. சட்டனில் இருக்கிற மகன் யனுஷன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

“அம்மா, இந்தமுறை எங்கட வருசம்! அமெரிக்கன் ஒருத்தனை எடுத்திருக்கினம். ஏழடி. நிண்டபடியே பல்ப் மாத்துவான்.”

“எங்கட பாத்ரூம் பல்ப்பும் போய்க் கிடக்குது. வரச்சொல்லு.”

“பகிடி விடாதேங்கோ. கோச்சும் புதுசு. கப் நிச்சயம்.”

“அவ்வளவு உயரமெண்டால் முழங்கால் வருத்தம் ஏதும் இருக்கும், என்ன தம்பி?” என்று நாயகி நப்பாசையோடு கேட்டாள்.

“சும்மா இருங்கோம்மா. அப்பாவுக்கு இதைக் காணக் குடுத்துவைக்கேல்லை.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “அதோட, இந்தமுறை ஒரு ரிக்கெற் காணும்தானே? ஆளில்லாத கதிரைக்கு என்னத்துக்கு?”

“ரெண்டும் எடு.”

“அம்மா…”

“சின்னப்போட்டி முடியட்டும். பிறகு கதைப்பம்.”

சின்னப்போட்டி என்பது, லீக் தொடங்குமுன் நாலு அணிகள் கூடி ஆடுகிற முன்னோட்டம். வெல்கிறவர்களுக்கும் ஒரு கப் உண்டு. ஏழடிக்காரன் முதல் ஆட்டத்திலேயே எதிராளிகளைத் தென்னைக்குக் கீழே விட்ட கோழிக்குஞ்சுகளாக்கினான். சனிக்கிழமை இறுதி ஆட்டம், பெல்ஜியம்காரரோடு. நாயகி யோசித்தாள். கப் என்றால் சின்னதென்ன, பெரிதென்ன? இராஜேந்திரன் செய்த சத்தியத்தில் அளவு ஏதும் சொல்லவில்லையே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போனாள். திட்டம் இலேசானது: பெல்ஜியம் அணித்தலைவன் பேரில் ஒரு அர்ச்சனை. வாய்க்குள் நுழையாத அந்தப் பேரை வழிநெடுகப் பாடமாக்கிக்கொண்டு போனாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றது சுசிலா. அவள் நிற்காத வரிசை எது?

குருக்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த இளம் பெடியன். தட்டை வாங்கிக்கொண்டு அவசரப்பட்டார். “பேர், நட்சத்திரம்?”

நாயகி வாயைத் திறந்தாள். பாடமாக்கிய பேர் கதவடியில் கழற்றிய செருப்போடு நின்றுவிட்டது. வெள்ளைக்காரனுக்கு எந்த நட்சத்திரத்தைச் சொல்வது?

“சொல்லுங்கோ அம்மா, ஆக்கள் நிக்கினம்.”

“இராஜேந்திரன். அனுஷம்.”

வருடக்கணக்கில் வெள்ளிக்கு வெள்ளி சொன்ன பேர். நாக்கு தன் பாட்டில் சொல்லிவிட்டது. குருக்களுக்கு ஆளைத் தெரியாது. அவர் இராஜேந்திரனுக்கு நீண்ட ஆயுளும் தேக ஆரோக்கியமும் வேண்டி, மணியடித்து, தீபம் காட்டி, அர்ச்சனையை நிறைவாகச் செய்து முடித்தார். நாயகி தட்டை வாங்கியபோது தேங்காய்ப்பாதி கைக்குள் சில்லென்றிருந்தது.

சுசிலா வெளிவீதியில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என்ன வேலை பாத்தியள்? மோசம்போன ஆளுக்கு ஆரும் அர்ச்சனை செய்வினமே?”

“வாய் தவறிப்போச்சு சுசிலா.”

“தவறினது வாய்தான். கேட்டது கடவுளெல்லோ. போன மனுஷனுக்கு ஆயுளைக் கேட்டு வச்சிருக்கிறியள்.”

நாயகிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் எட்டிப்பார்த்தது, அதை மறைப்பானேன். ஆயுள் கிடைத்தால் இருப்பார்தானே.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்தில், வாசல் காவலாளி சிரித்த முகத்தோடு சொன்னான், எல்லாக் கதிரைகளும் கோடை விடுமுறையில் திருத்தியாயிற்றாம். சுசிலாவும் வந்திருந்தாள். அந்த அர்ச்சனைக்குப் பிறகு அவளை வீட்டில் கட்டி வைத்திருந்தாலும் கட்டையும் இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். யனுஷன், சுசிலா, நாயகி, அதற்கப்பால் அந்தக் கதிரை. மடிந்து, இறுகிக் கிடந்தது. நாயகி விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்ததும் டக்கென்று மேலே போனது.

“பாத்தியளே அக்கா, ஸ்பிரிங்தான்” என்றாள் சுசிலா. அவள் குரலில் நிம்மதி இருந்தது.

இடைவேளை முடிந்தது. வினாகிரி வாசம் வந்தது. நாயகி திரும்பவில்லை. கடைக்கண்ணால் பார்த்தாள். திருத்திய கதிரை மெல்ல இறங்கி, பாதிவழியில் தயங்கி, பிறகு முழுதாக அமர்ந்தது. சுசிலாவின் கை கச்சான் பைக்குள் போனது போனதுதான், வெளியே வரவில்லை.

ஆட்டம் நெருக்கமாகப் போனது. நாயகி பெல்ஜியத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசி மூச்சில், இரண்டு புள்ளி பின்னால் நின்ற ஹெரன்ஸ், பந்தை அந்த ஏழடிக்காரனிடம் கொடுத்தது. அவன் தூரத்தில் நின்றே எறிந்தான். ஆட்டம் முடிகிற சங்கு ஊதும்போது பந்து காற்றில் இருந்தது. ஊதி முடியும்போது அடியில்லாத கூடைக்குள்ளால் விழுந்தது. மூன்று புள்ளி.

மண்டபம் எழும்பி நின்றது. “அம்மா! அப்பாட கப்!” என்று யனுஷன் கத்தினான். அழுதான் என்றும் சொல்லலாம். கீழே யாரோ ஒரு சின்ன வெள்ளிக் கப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். எல்லாரும் எழும்பினதால் எல்லாக் கதிரைகளும் படபடவென்று மடிந்தன.

ஒன்றைத் தவிர.

அது பாதி எழும்பியது. திரும்ப விழுந்தது. பாதி எழும்பியது. விழுந்தது. நாயகிக்கு அந்த அசைவு தெரியும். ஒவ்வொரு ஆட்டம் முடிவிலும் இராஜேந்திரன் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி, எழும்பப் பார்த்து, ஏலாமல் இருந்து, வெட்கத்தோடு அவளைத் திரும்பிப் பார்ப்பார். இப்போதும் எழும்பத்தான் பார்க்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன். கப்பைக் கண்டாயிற்று. ஆனால் நேற்று அவள் கேட்டு வாங்கிய ஆயுள், தோளில் கை வைத்து அமுக்குவதுபோல, அவரை இருத்தி இருத்தி வைக்கிறது.

கதிரை முனகியது. பாதி எழும்பி, விழுந்தது.

இருக்கவேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். இப்படி, எழும்ப வழியில்லாமல் இருப்பதற்கல்ல. இன்னொருமுறை அது விழுந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. வழக்கம்போலவே குனிந்து, அவருடைய முழங்கை இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

“இஞ்சருங்கோ, அவசரப்படாதேங்கோ. மெல்ல. என்னைப் பிடிச்சுக்கொண்டு எழும்புங்கோ.”

கையில் பாரம் ஏறியது. தோள்மூட்டு வரைக்கும் இழுத்த பாரம். பிறகு கதிரை டக்கென்று மடிந்தது.

“அம்மா, என்ன செய்யிறியள்?” என்றான் யனுஷன்.

“ஒண்டுமில்லை தம்பி. அங்க பார், கப்.”

சுசிலா இரண்டு கதிரை தள்ளிப் போய் நின்றாள்.

யனுஷன் ரயிலுக்குப் போக, பெண்கள் இருவரும் பஸ் ஏறினார்கள். சனிக்கிழமைப் பின்னேரப் பஸ், மூச்சுவிட இடமில்லை. ஆனாலும் நடுவில் இருவர் இருக்கிற ஆசனம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. நாயகி யன்னலோரம் போய் இருந்தாள். கண் எரிந்தது. போய்விட்டார், தன் கையாலேயே அனுப்பியாயிற்று என்று நினைத்தாள். இனி ஒரு ரிக்கெற் போதும்.

“வாருமன் சுசிலா, இரும்” என்று பக்கத்தைத் தட்டினாள்.

சுசிலா வேலைத்தலத்தில் நின்று நின்று கால் வீங்கினவள். இருக்க இடம் கண்டால் முதல் ஆளாகப் பாய்கிறவள். இப்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வேண்டாமக்கா. நான் நிக்கிறன்.”

“உமக்குக் கால் நோகுமெல்லோ?”

“நோகட்டும்.”

பைகளோடு ஏறிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அந்த இடத்தைப் பார்த்தார். ‘ஸொறி’ என்று அந்த இடத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு, அப்பால் நகர்ந்தார்.

நாயகி மெல்லத் திரும்பினாள். ஆசனத்தின் துணி நடுவில் அமுங்கியிருந்தது. ஓடிக்கொலோன். இத்தனை நாளும் மண்டபத்துக் கதிரையோடு கிடந்த மனுஷன். எழுப்பிவிட்டது அவள்தானே? எழும்பினவருக்கு இனி வேறு போக்கிடம் ஏது?

அவள் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து, யன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

மகனிடமிருந்து செய்தி வந்தது. ஒரு ரிக்கெற்தானே, உறுதியாகக் கேட்டிருந்தான். நாயகி எழுத்துக் கூட்டி அனுப்பினாள்: ‘ரெண்டு.’

பிறகு பக்கம் திரும்பாமல், தணிந்த குரலில் கேட்டாள்: “இது சின்னக் கப்தானேயப்பா. லீக் மிச்சம் கிடக்குதெல்லோ?”

மறுநாள் தெரு முழுக்கச் சுசிலாவை விசாரித்தது, ஆட்டம் எப்படி என்று. “வெண்டவை” என்றாள் சுசிலா. கதவைச் சாத்தினாள்.