தொட்டுப் பார்க்காத கோழி

பங்குனி வெயில் ஏறிவிட்டால் பூவம்மாளுக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளாது. கோழிக்குக் கழிச்சல் வருகிற காலம் அது. ஒரு வீட்டில் நுழைந்தால் தெருவையே துடைத்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போகும். பரங்கிப்பேட்டைப் பக்கம் கோழியெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது என்று மீன்காரி சொன்ன நாளிலிருந்து அவள் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

முதுநகரில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் வீடு. புருஷன் சிங்காரத்துக்கு யார்டில் வேலை. கொல்லையில் ஒன்பது பெட்டை, ஒரு சேவல். ஒன்பதுதானே என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, பூவம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆறு வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தவை அவை. அடுத்த வீட்டில் போய் முட்டை வைக்கிறதா, குழம்புக்குப் போ. தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கிறதா, அதுவும் குழம்புக்கு. மற்றதெல்லாம் அடைந்த பிறகும் இருட்டும்வரை மேய்கிறதே, அதுதான் முட்டைக்கோழி, அதை விடக்கூடாது. பருந்து இறங்கினால் குஞ்சைப் போட்டுவிட்டு ஓடாமல் எதிர்த்துப் பாய்கிறதே, அது வைத்த முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும். இரையைக் கண்டதும் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடுகிற சேவல்தான் சேவல். எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் பிளாக் ஆபீஸில் வாங்கிவந்த வெள்ளைக் கோழிகளைப் பெருமையாகக் காட்டியபோது, "அடை உக்காராத கோழி என்னா கோழி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

தினமும் காலையில் திறந்துவிடுமுன் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்பக்கம் விரலை வைத்துப் பார்ப்பாள். உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டால் அந்தக் கோழியைத் தனியாகக் கொடாப்பில், அதாவது கோழி மூடுகிற மூங்கில் கூடையில், கவிழ்த்து வைப்பாள். முட்டை வைத்த பிறகுதான் அதற்கு விடுதலை. அவள் விரல் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு, இப்படிப்பட்ட மாதத்தில், சிதம்பரத்திலிருந்து நாத்தனார் குப்பு வந்து இறங்கினாள். ஒரு தோளில் துணிப்பை, இன்னொரு கக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோழி.

"வாடி" என்று வாயெடுத்த பூவம்மாள் கோழியைப் பார்த்ததும், "அங்கியே நில்லு" என்றாள்.

"நீங்க எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்த கோழியோட பேத்தி அண்ணி இது."

"ஆரோட பேத்தியா இருந்தா என்னா? ஊரெல்லாம் சீக்கு. ரயில்ல எத்தினி கோழிக்கூடையோட ஒரசிக்கிட்டு வந்துச்சோ."

"எங்க தெருவுல ஒண்ணுமில்ல அண்ணி."

"சீக்கு என்னா சொல்லிட்டா வரும்?"

கொல்லைக் கோடியில், வேலிக்கு அந்தப் பக்கம், விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொடாப்பைப் போட்டு அதில் மூடச் சொன்னாள். தான் கிட்டேகூடப் போகவில்லை. "அதத் தொட்ட கையோட இந்தப் பக்கம் வராத. அடுப்பங்கரைல கருப்புப் பெட்டை நேத்திக்குத்தான் அடை உக்காந்திருக்கு" என்றாள். குப்பு சரி என்றாள். கோழியை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசில்லை. துணிப்பையையும் விறகுக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டு, ராத்திரி அங்கேயே படுத்தாள்.

அன்று சாப்பிடும்போது சிங்காரம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "புள்ளை இல்லேன்னு குப்பு புருஷன் கலியமூர்த்தி வேற ஒருத்தியக் கூட்டியாந்துட்டானாம். இவ திரும்பிப் போவறாப்புல இல்ல. இனிமே நம்மகிட்டதான்."

"இருக்கட்டும். ஆரு வேணான்னா?" என்றாள் பூவம்மாள்.

மனசாரத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது புருஷனிடம். அதைக் குப்புவின் காதில் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. குப்புவிடம் பேசியதெல்லாம் கோழிப் பேச்சுதான். எச்சம் என்ன நிறத்தில் இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, காலைக் கழுவினாயா, கையைக் கழுவினாயா. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வேலிப் படலுக்கு மேலாக நீட்டிவிட்டு வந்துவிடுவாள். படுக்கையில் கிடந்தாலும் காது கொல்லையில்தான் இருக்கும்.

மறுநாள் காலை வழக்கம்போல் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு செவலைப் பெட்டையைத் தள்ளி வைத்தாள். "இது இனிமே வைக்காது. வைக்காததுக்கு எதுக்குத் தீனி, தண்டம்" என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் குப்பு நின்றிருந்தாள். எந்தப் பேச்சைக் கேட்க முடியாமல் அவள் சிதம்பரத்திலிருந்து கிளம்பி வந்தாளோ, அதே பேச்சு இங்கேயும் காதில் விழுந்தது. பூவம்மாளுக்குக் கோழியைத் தவிர வேறு நினைப்பில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்டவளுக்கு அது எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் மத்தியானம் ஆரோக்கியம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பூவு, வெள்ளைக்கோழி ரெண்டும் தலையத் தொங்கப் போட்டுடுச்சுடி."

பூவம்மாள் முழுசாகக் கேட்கக்கூட நிற்கவில்லை. நேராக வேலியோரம் போய் எட்டிப் பார்த்தாள். கொடாப்புக்குள் சாம்பல் கோழி இறகைச் சிலுப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. அது ஒன்று போதாதா அவளுக்கு.

"நெனச்சேன். என்னால இதோட மல்லுக்கு நிக்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்க முடியும். இன்னிக்கே முடிவு கட்டிடணும்" என்று சத்தமாகச் சொன்னாள்.

அந்தக் கோழி, அல்லது தன் கோழிகள். அவள் கணக்கில் ரெண்டு என்பது அதுதான். விறகுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த குப்பு வேறு கணக்குப் போட்டுக்கொண்டாள்: அந்தக் கோழி, அல்லது தான்.

பூவம்மாள் நிலவேம்பு வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினாள். நாட்டுமருந்துக் கடையில் கூட்டம். ரூபாய்க்கு ஒரு படி அரிசி எப்போது போடுவார்கள் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டு நின்றார்கள். இவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், வேலியோரம் குப்பு குந்தியிருந்தாள். காலைச் சுற்றிச் சாம்பல் இறகு. மடியில் பாதி உரித்த கோழி.

"அறுத்துட்டேன் அண்ணி" என்றாள் குப்பு. முகத்தில் ஒன்றும் இல்லை. "இப்ப நான் உள்ள வரலாமா?"

பூவம்மாள் பொட்டலத்தை வேலியோரம் வைத்தாள். படலைத் தள்ளித் திறந்துகொண்டு போய்க் கோழியைக் கையில் வாங்கினாள். மூன்று நாளில் அதைத் தொட்டது அப்போதுதான். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. நல்ல கனம். அரிவாள்மனையை எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்து வயிற்றை அரிந்தாள். ஈரல் மாசு மருவில்லாமல் இருந்தது. குடலில் ஒரு புள்ளி இல்லை. இன்னும் உள்ளே கையை விட்டதும், கெட்டியாக, ஓடு கட்டி, வெளியே வரத் தயாராக ஒரு முட்டை கையில் வந்தது. அதற்குப் பின்னால் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கரு, அதைவிடச் சின்னதாக இன்னொன்று, அப்புறம் கடுகு மாதிரி ஏகப்பட்டது.

அது முட்டைக்காகச் சிலுப்பிக்கொண்டு நின்ற கோழி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே சீக்கு என்று சொல்லியாயிற்று. எத்தனையோ கோழிக்கு விரல் வைத்துப் பார்த்தவள் இதற்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோழிக்காக மட்டும் இல்லை. மூன்று நாளாக விறகுக்கு நடுவில் படுத்துக் கிடந்தவளையும் அவள் அப்படித்தான் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டையை முந்தானையில் துடைத்தாள். எழுந்து குப்புவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தாள். மூலையில் மணல் கொட்டிய கூடையில் கருப்புப் பெட்டை உர்ரென்று உட்கார்ந்திருந்தது.

"அதுக்கடியில வையி. உன் கையால வையி."

"கை கழுவல அண்ணி."

"வையின்னா."

குப்பு குனிந்து வைத்தாள். கருப்புப் பெட்டை அவள் கையை ஒரு கொத்து கொத்திவிட்டு, முட்டையை அலகால் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது. குப்பு எழுந்திருக்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பொரிக்கலேன்னா அண்ணி?"

"பொரிச்சா பொரிக்குது, பொரிக்காட்டிப் போவுது" என்றாள் பூவம்மாள். "நீ இங்க இருக்கறதுக்கும் அதுக்கும் என்னாடி சம்பந்தம்?"

சொல்லிவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போனாள். குப்புவின் துணிப்பையை எடுத்து, ஒட்டியிருந்த சிராயைத் தட்டிவிட்டு, கொண்டுவந்து கூடத்து ஆணியில் தன் புடவைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.