கூட்டுக்குப் போன பரிசு

குமுளிக்குப் போய் லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்த வரைக்கும் புருஷன் சுரேஷ்கண்ணன் தேவலை என்றுதான் நாகஜோதி நினைத்திருந்தாள். நூறு ரூபாயோடு போயிற்று. கிரிப்டோ காசு எடுக்கும் மெஷின் வந்த பிறகுதான் வீட்டில் சனி குடியேறியது. பழைய மெஷின். அவனுடைய வாழைத்தோட்டத்து மோட்டார் ரூமில், விவசாயத்துக்கென்று ஓசியில் வரும் கரண்டில், மாவு மில் மாதிரி இரைந்துகொண்டு கிடந்தது. உலகம் முழுக்க இப்படி எத்தனையோ மெஷின்கள் ஒரே கணக்கின் விடையைத் தேடுகின்றனவாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவனுக்குச் சிக்கும். சிக்கியவனுக்கு இரண்டரைக் கோடி, மற்றவனுக்கெல்லாம் பட்டை நாமம்.

ஒரு வருடம் ஒன்றும் சிக்கவில்லை. அதற்கு அவன் கண்ட வைத்தியம், இன்னும் நாலு மெஷின். பணத்துக்கு, நாகஜோதிக்கு அவள் அப்பா எழுதிவைத்த ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தை விற்க வேண்டும். கையெழுத்துப் போடு என்று காலையிலேயே ஆரம்பிப்பான். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பிப்பான்.

அவள் தம்பி பாண்டியராஜன் உத்தமபாளையத்தில் காலேஜ் கணக்கு வாத்தியார். அவனைக் கூட்டிவந்தாள். தனியாக ஓட்டினால் பரிசு விழச் சராசரியாக ஆயிரத்து இருநூறு வருடம் ஆகும் என்று அவன் கணக்குப் போட்டுச் சொன்னான். ஐந்து மெஷின் என்றால் இருநூற்று நாற்பது. அதற்குப் பதில் பல ஆயிரம் பேரோடு கூட்டுச் சேர்ந்தால், யாருக்கு விழுந்தாலும் பங்கு உண்டு, தினம் ஐம்பது ரூபாயாவது வரும் என்றான். கூட்டில் சேராவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நாகஜோதி ஒற்றைக்காலில் நின்றாள். மாமியார் ராஜாத்திகூட அவள் பக்கம் பேசினாள். வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தான்.

அந்த ஐம்பது ரூபாயில் அவள் பால் வாங்கினாள். கல்யாணமாகி முதல்முறையாக ஜெயித்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தை மறைக்கவும் தெரியவில்லை, பாவிக்கு.

மூன்றாவது வாரம் அவர்கள் மெஷினுக்கே பரிசு விழுந்தது.

கண்டுபிடித்தவர் என்று போனில் சுரேஷ்கண்ணன் பெயர் வந்திருந்தது. பணம் முழுக்கக் கூட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்கும் அவனுக்கு வந்தது அதே ஐம்பது ரூபாய்தான்.

அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. தெருவே வந்து துக்கம் விசாரித்தது. ராஜாத்தி வந்தவர்களிடமெல்லாம், "சாமியே வந்து கதவத் தட்டுச்சு. இவதான் தாப்பாளப் போட்டுட்டா" என்றாள். காய்கறிக் கடையில் நாகஜோதிக்கு ரெண்டரைக் கோடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு வேளையும் சோற்றைப் பிசைந்தபடி, உப்பு கேட்பது போல மெதுவாகக் கேட்பான்:

"ரெண்டரைக் கோடிய என்ன செஞ்ச, ஜோதி?"

தம்பிக்குப் போன் போட்டு அழுதாள். கணக்கு தப்பாகிவிட்டதா என்று கேட்டாள்.

"கணக்கு சரிதான்க்கா. ஒருக்கா விழுந்துருச்சுன்னு அது மாறாது. இனிமேயும் அதே ஆயிரத்து எரநூறு வருசந்தான். கையெழுத்து மட்டும் போட்டுராத."

அதைப் புருஷனிடம் சொல்லத்தான் போனாள். அவன் நிமிர்ந்து பார்த்ததும் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். சரியாகச் சொன்னது தான்தான் என்பதை இனி எந்த வாயால் சொல்வது? யார் கேட்பார்கள்?

திராட்சை கறுக்கத் தொடங்கிய வாரம் பத்திர ஆபீசுக்குப் போனார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று அங்கே கேட்டார்கள்.

"இல்லைங்க. நானாத்தான் விக்கிறேன்."

வெளியே வந்ததும் அவளுக்குத் திராட்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். எத்தனையோ நாள் கழித்து அவன் முகத்தில் சிரிப்பு.

"அஞ்சு மெஷினையும் தனியாத்தான் ஓட்டப்போறேன். இந்தத் தடவ வாயத் தொறக்க மாட்டியே?"

இருநூற்று நாற்பது வருடம் என்று அவளுக்குத் தெரியும். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு ஜூஸைக் குடித்தாள்.