மூன்றாவது கேள்வி

கடைத்தெருவில் அவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அந்தத் தெருவின் நூறு கடைகளுக்கும் படிவக்கட்டோடு ஏறி இறங்குவது அவளது வேலை. சம்பளம் கொடுத்தது வணிகர் பேரவை. படிவத்தில் ஐந்து கேள்விகள் இருந்தன. மற்ற நான்கைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை. மூன்றாவதுதான் கேள்வி: “வரும் ஆறு மாதங்களில் உங்கள் வியாபாரம் மேம்படுமா, அப்படியே இருக்குமா, மோசமாகுமா?” இதற்கு வரும் பதில்களைக் கூட்டித்தான் பேரவை மாதந்தோறும் ஓர் எண்ணைச் செய்தித்தாளுக்குக் கொடுத்தது. நம்பிக்கை எண் என்று அதைச் சொன்னார்கள். வங்கிக்காரர் அதைப் பார்த்துக் கடன் கொடுத்தார். சரக்கு அனுப்புகிறவர் அதைப் பார்த்து லாரியைக் கிளப்பினார்.

அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் ஒருமுறை தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே நூறு படிவங்களையும் நிரப்பிக் கொடுத்துவிட்டார். அகப்பட்டுக்கொண்டது அவர், விதி வந்தது அவளுக்கு. கேள்வியைக் கல்லாவின் முன் நின்று உரக்க வாசிக்க வேண்டும். உரிமையாளர் வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். அப்போது கடையில் நிற்கும் யாராவது ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி பெரும்பாலும் வாடிக்கையாளராக இருப்பார். சில நேரம் சரக்குக் கம்பெனியின் ஆளாகவோ, பேச்சுக்கு வந்த எதிர்க்கடைக்காரராகவோ இருப்பார். பொய்யைத் தடுக்கப் பிறந்த விதி அது. ஆனால் தன் கடை சரிகிறது என்று இந்த மூவரில் ஒருவர் காதுபடச் சொல்ல எந்த வியாபாரிக்கு நாக்கு எழும்?

அந்த ஆண்டு, ஊரின் வடக்கே இருந்த கண்ணாடித் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு ஆட்களை அழைக்கும் மூன்றாவது சங்கு ஊதுவது நின்றது. தற்காலிகம் என்றார்கள். தெருவில் பாதிப் பேர் அந்தச் சங்கை நம்பிக் கடை வைத்தவர்கள். அந்த மாதம் அவள் படியேறிய கடைகளில் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, காதில் விழுந்தது வேறொன்று. துணிக்கடையின் பின்பாதியில் விளக்குகள் அணைந்திருந்தன. ஆள் நுழைந்தால் மட்டும் எரிந்தன. மருந்துக் கடையில் அட்டையோடு மாத்திரை வாங்கியவர்கள், அட்டையை வெட்டச் சொல்லி நான்கு நான்காக வாங்கினார்கள்.

“வாங்க கேள்வியக்கா! மாசாமாசம் பரீட்சை வைக்கிறீங்க, ஒரு தடவையாவது மார்க் போட்டீங்களா?” என்றார் துணிக்கடைக்காரர். சிரிக்காமல் அவரால் பேச முடியாது.

“எல்லாரும் ஒரே விடையை எழுதினா யாருக்குன்னு மார்க் போடறது? சொல்லுங்க. மேம்படுமா, அப்படியேயா, மோசமா?”

“மேம்படும். பெரிய எழுத்துல எழுதிக்குங்க.”

மரச்சாமான் கடை அவளது அத்தானுடையது. அவளுடைய ஒரே அக்காவின் கணவர் அவர். அவள் நுழைந்தபோது புதுக்குடித்தனம் போகும் கணவனும் மனைவியும் ஒரு கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அத்தான் குரலை உயர்த்தி, “மேம்படும்னு போடும்மா. சந்தேகமே இல்ல,” என்றார். கணவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். பிறகு, “அறையை அளந்துட்டு வர்றோம்,” என்று இருவரும் இறங்கிப் போனார்கள். அளக்கப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது மரச்சாமான் விற்கிற எல்லோருக்கும் தெரியும். அத்தான் துணியை எடுத்து, தூசியே இல்லாத கட்டிலைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அக்கா வீட்டில் சாப்பிடுவாள். அக்காளும் தங்கையும் பிறந்த வீடு அது. அப்பா அதை அக்காவின் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். அந்த ஞாயிறு அத்தான் செய்தித்தாளை மேசையில் விரித்து, ஓர் இடத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“தொண்ணூத்தேழு. நூறு கடையில தொண்ணூத்தேழு கடைக்கு நல்லா இருக்கப்போகுதாம். மீதி மூணும் அப்படியே இருக்குமாம். அப்போ என் கடையில மட்டும் நான் ஏன் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்?”

“அந்தத் தொண்ணூத்தேழுல நீங்களும் ஒருத்தர்தானே?” என்றாள் அக்கா.

“ஆளை நிக்க வச்சுக்கிட்டு வேற என்னத்தடி சொல்றது?”

“மத்தவங்களும் அதையேதான் அத்தான் செஞ்சாங்க,” என்றாள் தங்கை.

அத்தான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “எனக்கு வியாபாரம் இல்ல, அதனால பொய் சொன்னேன். அவங்களுக்கு என்ன வந்துச்சு, பொய் சொல்ல?”

குறை தெருவில் இல்லை, தன் கடையில் என்ற முடிவுக்கு அவர் ஏற்கெனவே வந்திருந்தார். கடை சிறியது, விளக்கு மங்கல், சாமான் பழைய மாதிரி. அதனால்தான் ஆட்கள் வேறெங்கோ போகிறார்கள். பக்கத்துக் கடை காலியாக இருந்தது. நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டு லாரிச் சரக்கை இறக்கினால் நிலைமை மாறும். வங்கியில் பேசிவிட்டார். வீட்டை ஈடு வைக்க அக்காவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

தங்கை கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “ஒரு கடையில பார்த்ததை இன்னொரு இடத்துல சொல்ல மாட்டேன்னு பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். அது போனாப் போகட்டும், சொல்றேன்.” அணைந்த விளக்குகளைச் சொன்னாள், வெட்டிய மாத்திரை அட்டையைச் சொன்னாள். அத்தான் முகம் அசையவில்லை. ஆகவே ஒரு கதையையும் சொன்னாள்.

ஒரு குளம் வற்றத் தொடங்கிற்று. அதில் வாழ்ந்த தவளைகள் ஒவ்வொன்றும் தன் வளையில் ஈரம் குறைவதைக் கண்டது. வெளியே தெரிந்தால் நாரையும் பாம்பும் முதலில் தன்னைத்தான் தேடி வரும் என்று அஞ்சியது. எனவே, தண்ணீர் தளும்புவது போலத் தொண்டையைத் திறந்து கத்தியது. எல்லாத் தவளைகளும் கத்தின. அந்த இரைச்சலைக் கேட்ட ஒவ்வொரு தவளையும், ‘அடடா, குளம் நிறைந்துதான் இருக்கிறது, என் வளைதான் சரியில்லை’ என்று இன்னும் ஆழமாகத் தோண்டியது. நடக்கத் தெம்பு இருந்த நாளில் ஒன்றுகூட அடுத்த குளத்துக்குக் கிளம்பவில்லை.

அத்தான் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு. கடைசியில என்னைத் தவளையாக்கிட்ட,” என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா? நீ சொல்லுடி.”

“வேண்டாம்க்கா.”

“இது நூறு பேர் சொன்னது,” என்று அத்தான் செய்தித்தாளை மடித்தார். “அது இவ ஒருத்தி சொல்றது.”

அக்கா மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் கையெழுத்திட்டாள். கட்டியவன் கண்ணெதிரே வாடுவதைப் பார்ப்பதைவிட அது அவளுக்கு எளிதாக இருந்தது.

அத்தான் மட்டும் அந்த எண்ணை நம்பியிருந்தால் அது ஒரு வீட்டின் கதையாகப் போயிருக்கும். துணிக்கடைக்காரரும் அதே செய்தித்தாளைப் படித்தார். குறை தன் கடையில்தான் என்று கண்ணாடிக் கதவு போட்டார். மருந்துக் கடைக்குப் புதிய அலமாரிகள் வந்தன. தெரு முழுவதும் பெயிண்ட் வாசனை. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு ஏணியை விட்டு இறங்க நேரமில்லை. இத்தனை பளபளப்பையும் பார்த்த ஒவ்வொருவரும், அடுத்தவனுக்குப் பணம் கொட்டுகிறது என்று மேலும் உறுதியாக நம்பினார். அடுத்த மாதம் எண் தொண்ணூற்றொன்பது ஆயிற்று.

இடித்த சுவரின் தடம் தரையில் ஒரு கோடாகத் தெரிய, அத்தானின் கடை இருமடங்கு அகலத்தில் திறந்துகொண்டது. பதினெட்டுக் கட்டில்கள், பதினோரு அலமாரிகள். முதல் இரண்டு வாரம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். சிலர் முன்பணமும் கொடுத்தார்கள். பிறகு வடக்கே இரண்டாவது சங்கும் நின்றது. வந்தவர்கள், “அளந்துட்டு வர்றோம்,” என்றுகூடச் சொல்லாமல் போனார்கள். வங்கித் தவணை மட்டும் சொல்லிவைத்தாற்போல வந்தது.

ஒருநாள் பிற்பகல் அத்தானே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கட்டில்களுக்கு நடுவே, விற்காத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

“நீ சொன்னது சரிதான். நேத்து துணிக்கடைக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி நின்னு அழுததைப் பார்த்தேன். கண்ணாடின்னு மறந்துட்டார் போல.” நாற்காலியில் தொங்கிய விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “இப்போ என்ன செய்யலாம்?”

அவளிடம் ஒரு வழி இருந்தது. பேரவையின் விதிப்புத்தகத்தில், வங்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பாதிக் கடைகளுக்கு மேல் ‘மோசமாகும்’ என்று சொன்னால் தெருவின் வங்கித் தவணைகள் அனைத்தையும் ஆறு மாதம் தள்ளிவைக்க வேண்டும் என்று இருந்தது. யாரும் அதுவரை பயன்படுத்தாத விதி. “ஒருத்தர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாப் போதும் அத்தான். எல்லார் வயித்துலயும் அதுதான் இருக்கு. இந்தத் தடவை உங்க கடையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.”

“ஆறு மாசம் கிடைச்சா வீட்டைக் காப்பாத்திடலாம்,” என்றார் அத்தான். “வா. சொல்றேன்.”

முதல் தேதி காலையில் அவள் கல்லாவின் முன் நின்று கேள்வியை உரக்க வாசித்தாள். சாட்சிக்குத் துணிக்கடைக்காரரை அத்தானே எதிர்க்கடையிலிருந்து அழைத்திருந்தார்.

“மோசமாகும்,” என்றார் அத்தான். “ஏற்கெனவே மோசம்தான். நாலு வாரமா ஒரு முக்காலிகூட விக்கல.”

துணிக்கடைக்காரர் பேனாவை வாங்கினார். அவர் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் அவள் பார்த்தாள். கையெழுத்துப் போட்டார், அத்தானின் தோளை ஒருமுறை தட்டினார், தெருவைக் கடந்து போனார்.

அவள் அவர் கடைக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே சரக்குக் கம்பெனியின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “எனக்கா? மேம்படும்,” என்றார் துணிக்கடைக்காரர், முன்னைவிடச் சத்தமாக. வாசல்வரை அவளோடு வந்து குரலைத் தாழ்த்தினார். “உங்க அத்தான் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அவர் சொல்லிட்டார்ல? இப்போ எல்லாரும் அங்கதான் பார்ப்பாங்க. இந்த நேரத்துல நானும் போய்ப் பக்கத்துல நிக்கணுமா, நீங்களே சொல்லுங்க.”

செய்தி அவளுக்கு முன்னே ஓடிற்று. மருந்துக் கடையில், கேள்வியை வாசித்து முடிக்கும் முன்பே பதில் வந்தது. ஏழாவது கடைக்காரர், “மரச்சாமான் கடை கவுந்துருச்சாமே?” என்று கேட்டுவிட்டு ‘மேம்படும்’ என்றார். கூரையில் ஓட்டை விழுந்தது தன் வீட்டில் இல்லை என்று அறிந்தவர்களின் நிம்மதி எல்லோர் குரலிலும் இருந்தது. கடைசிப் படிவத்தை நிரப்பியபோது கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. தொண்ணூற்றொன்பது பேர் ஒரு பக்கம். அத்தான் ஒரு பக்கம்.

செய்தித்தாள் பெயர் போடவில்லை. ‘ஒரே ஒரு கடை’ என்று மட்டும் போட்டிருந்தது. போதாதா? மறுநாள் முன்பணம் கொடுத்தவர்கள் ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். மரம் அனுப்புகிறவர் பாக்கி முழுவதும் உடனே வேண்டும் என்று ஆளை அனுப்பினார். வங்கிக்காரர் தாமே வந்து, இடித்த சுவரின் கோட்டில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். இன்னும் நான்கு மாதம் தள்ளாடி நின்றிருக்கக்கூடிய கடை பதினோரு நாளில் மூடிற்று. மாதம் முடிவதற்குள் வீடும் போயிற்று.

அக்காவும் அத்தானும் அவளது ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தான் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அக்காதான் துணிகளை அடுக்கியபடியே, “நீ நல்லதுக்குத்தான் சொன்ன,” என்றாள். பிறகு, “வேண்டாம்னு சொன்னப்ப நாங்க கேக்கல. சொல்லுன்னு சொன்னப்ப கேட்டோம். ரெண்டு தடவையும் தப்பா கேட்டுட்டோம்டி,” என்றாள்.

மாதம் பிறந்தது. படிவக்கட்டு வாங்க அவள் பேரவைக்குப் போனாள். மரச்சாமான் கடையின் பெயருக்கு நேரே செயலாளர் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்.

“ஏன் சார் அடிச்சீங்க?”

“மூடின கடையைக் கணக்குல சேக்கக் கூடாதும்மா, அதான் விதி. திறந்திருக்கிற கடைக்குத்தானே எதிர்பார்ப்புன்னு ஒண்ணு இருக்கும்? அதே இடத்துல புதுசா ஒருத்தர் வந்திருக்கார். அவர்கிட்டக் கேட்டு எழுதிக்கோ. நூறு குறையக் கூடாது.”

வேலையை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அறையில் இப்போது மூன்று வயிறுகள். படிவக்கட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அகலமான அந்தக் கடையில் இப்போது அடகுக் கடை வந்திருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் உரிமையாளர் உட்கார்ந்திருந்தார். வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள்; மருந்துக் கடைக்காரரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேள்வியக்கா கல்லாவின் முன் நின்று மூன்றாவது கேள்வியை உரக்க வாசித்தாள்.

அடகுக் கடைக்காரர் வரிசையை ஒருமுறை நீளவாக்கில் பார்த்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இல்லை.

“மேம்படும்மா,” என்றார். “நல்லாவே மேம்படும்.”

அந்தத் தெருவில் அவளுக்குக் கிடைத்த இரண்டாவது உண்மையான பதில் அது. எழுதிக்கொண்டு, சாட்சிக் கையெழுத்துக்காகப் பேனாவை வரிசையில் முதலில் நின்றவரிடம் நீட்டினாள்.