பலிபீடத்தில் ஒரு பல் டாக்டர்

படம் வெளியாகும் தேதி தெரிந்த நாளிலிருந்து டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறவர். பெரியவர்கள் என்றால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். குழந்தைகள் அப்படியா? முதலில் நம்ப வேண்டும், பிறகுதான் வாய் திறக்கும். அதற்காக அந்த மனிதர் படாத பாடு பட்டிருந்தார். படுத்தால் பார்க்கட்டும் என்று கூரை முழுக்க மீன்கள் வரைந்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஒப்பந்தம் இருந்தது. "வலிச்சா இடது கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவேன்." தூக்கினால் நிறுத்திவிடுவார். பொய்க்குத் தூக்கினாலும் நிறுத்திவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அவர் மைத்துனன் சாத்தான் கூட்டத்தின் தலைமைப் பூசாரி ஆக்கிவிட்டான்.

மைத்துனன் இயக்குநர், இது முதல் படம். பேச்செல்லாம் உலகத் தரம், கையில் ஒன்றும் கிடையாது. பலி கொடுக்கும் காட்சிக்குக் குகை தேடினான். குகை கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் மாமாவின் கிளினிக் கிடைத்தது. பல் பார்க்கும் நாற்காலியைச் சாய்த்துக் கறுப்புத் துணி போர்த்தினால் பலிபீடம் தயார். பூசாரியாக நடிக்க வேண்டியவர் அன்றைக்குப் பார்த்துப் போனை எடுக்கவில்லை. மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் தம்பின்னு அவனுக்கு இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க, சொல்லுங்க பார்ப்போம்."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்த கணவன் உண்டா? டாக்டர் பூசாரியின் அங்கியை மாட்டிக்கொண்டார்.

இப்போது பார்த்தால், பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சுவரிலேயே போஸ்டர். வாயோரம் ரத்தம் வழிய, கையில் வாளோடு டாக்டர் நிற்கிறார். அதைப் பார்க்கிற குழந்தை இனி அவரிடம் வாய் திறக்குமா? அதிலும் அவருக்குக் கடிக்காரியை நினைத்துத்தான் கவலை. முதல் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண் முதல் நாளே அவர் விரலைக் கடித்துவிட்டு ஓடியவள். கெஞ்சிக் கொஞ்சி, நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைவாய்ப் பல்லில் சீழ். இந்தச் சனிக்கிழமை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். தவறினால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். படமோ வெள்ளிக்கிழமை வருகிறது.

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு மனைவியோடு போய், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்திலேயே தொப்பி தேவையில்லை என்று புரிந்துபோயிற்று. படத்தில் பாதி இருட்டு. சாத்தான் அடியார்கள் எல்லாரும் மழைக்கோட்டுக்குக் கறுப்புச் சாயம் அடித்து மாட்டியிருந்தார்கள். ஒருவர் காலில் ரப்பர் செருப்பு. நரகத்தின் வாசல் திறந்தபோது கூரை மீன்களில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. முன்வரிசைக்காரர்கள் மீனுக்குக் கை தட்டினார்கள்.

பிறகு பலிக் காட்சி வந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி தொடையில் கிள்ளினாள்.

திரையில் பூசாரி வாளை ஓங்கினார். ஓங்கியவர், விளக்கு பலிபீடத்தில் கட்டிக் கிடந்த கதாநாயகியின் கண்ணில் அடிக்கிறதே என்று அதைத் தள்ளி வைத்தார். மறுபடி ஓங்கினார். இடுப்பைச் சுற்றிய கயிறு இறுக்கியதோ என்னவோ, பெண் இடது கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், பூசாரி வாளைத் தட்டில் வைத்துவிட்டார். கயிற்றைத் தளர்த்தினார், கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார், சரியா என்று தலையாட்டிக் கேட்டுவிட்டு வாளை எடுத்தார்.

கை பழகிய பழக்கம். படப்பிடிப்பு அன்றைக்கு மறுபடி எடுக்கலாம் என்பதற்குள் கேமராக்காரர் மூட்டை கட்டிவிட்டார்.

"சாத்தானே, நீ ரொம்ப நல்லவன்டா" என்று ஒரு குரல் கேட்டது. அரங்கமே சிரித்தது. பயந்தவர் ஒருவரும் இல்லை. டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று சாய்ந்தவர், மூன்று இருக்கை தள்ளி ஒருவன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். மைத்துனன்தான். சந்தோஷப்பட்டதற்காக டாக்டருக்கு வெட்கமாக இருந்தது.

"வெட்டறதுக்கு முன்னாடி பர்மிஷன் கேக்கற வில்லனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா மாமா?" என்றான் வெளியே வந்ததும். "படம் ஊத்திக்கிச்சு."

டாக்டர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "கன்னம் ஏன் வீங்கியிருக்கு மாப்ள?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை" என்று ஒதுங்கிப் போனான். ஊரைப் பயமுறுத்தப் படம் எடுத்தவனுக்கு ஊசி என்றால் உயிர் போகும். அக்கா கல்யாணமான நாளிலிருந்து மாமாவிடம் பல்லைக் காட்டியதே இல்லை.

சனிக்கிழமை கடிக்காரி வந்தாள். அவள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "யாரோ அந்த சீனை போன்ல எடுத்து அனுப்பிட்டாங்க டாக்டர். இவளும் பார்த்துட்டா."

முடிந்தது கதை என்று நினைத்தார் டாக்டர்.

சிறுமி வாசலிலேயே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த அக்கா கையைத் தூக்கினாங்க. நீங்க கத்தியைக் கீழ வெச்சிட்டீங்க."

"ஆமா."

"சாத்தானா இருந்தாக்கூட நிறுத்துவீங்களா?"

"யாரா இருந்தாலும் நிறுத்திடுவேன் கண்ணு."

அவளே ஏறிப் படுத்தாள். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை அவர் எடுத்ததுமே கையைத் தூக்கினாள். நிறுத்தினார். மறுபடி தூக்கினாள். மறுபடி நிறுத்தினார். அதற்குப் பிறகு கை வயிற்றின் மேலேயே இருந்தது, கண் மீன்களின் மேல் இருந்தது. பல் வந்துவிட்டது. விரலும் பத்திரமாக இருந்தது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் கழுவுகிற சாக்கில் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்தது யார் என்று எட்டிப் பார்த்தார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு மைத்துனன் உட்கார்ந்திருந்தான். கன்னம் நேற்றைவிடப் பெரிதாகியிருந்தது.

"எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றான். எழுந்து வந்து, தன் கதாநாயகியைக் கட்டிப்போட்ட அதே நாற்காலியில் மல்லாந்து படுத்தான். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் அவன் இடது கை மேலே போயிருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லையே மாப்ள."

"தெரியும் மாமா. சும்மா தூக்கிப் பார்த்தேன்."

டாக்டர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கை தானாகக் கீழே இறங்குகிற வரைக்கும் அப்படியே இருந்தார்.