இருசப்பன் பேரில் ஒரு குடம்

ஆடி மாதம் பொன்னியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது காலனியில் வீட்டுக்கு ஒரு குடம்தான் அண்டாவில் ஊற்றுவார்கள். பரசுராமன் வீட்டில் மட்டும் இரண்டு. இரண்டாவது குடம் இருசப்பன் பேரில். வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறித் திரும்பாமலே போன, கொள்ளுத்தாத்தாவின் தம்பி அவர்.

பரசுராமன் காஞ்சிபுரத்தில் கொத்தனார். கலவை இறுகினாலும் வெள்ளைக்காரனைத் திட்டுவார், கரண்டு போனாலும் அவனைத்தான் திட்டுவார். "அவனுங்க டீயில சக்கரை போட்டுக் குடிக்கிறதுக்கு எங்க ஆளை இஸ்துக்கினு பூட்டானுங்க, பாவிங்க!" என்று ஆரம்பித்தால், சித்தாள்கள் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் கோபத்தில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

மகள் பிரியதர்ஷினி அந்த இரண்டாவது குடத்தைப் பற்றி இணையத்தில் எழுதப்போக, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஷாரோன் என்ற பெண் பதில் போட்டாள். இருசப்பனின் வாரிசு. இந்த ஆடிக்கு வந்தே விட்டாள். வந்ததிலிருந்து "அங்கிள், அங்கிள்" என்று ஒட்டிக்கொண்டாள்; பேரைக்கூடக் கேட்கவில்லை. வாயெல்லாம் பல்லாகத் தெருத்தெருவாக அவளைக் காட்டினார் பரசுராமன். இந்த முறை அவள் கையாலேயே அந்தக் குடத்தை ஊற்றவைக்க வேண்டும். அதற்காகவே மேளம்கூடச் சொல்லியிருந்தார்.

கோயிலுக்குக் கிளம்பும்போது ஷாரோன் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பிரியதர்ஷினி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்.

"இருசப்பன் தாத்தாவை வெள்ளக்காரன் புடிச்சிக்கினு போகலியாம்பா. கூடப்பொறந்த அண்ணன்தான் மெட்ராஸ்ல உப்பு மூட்டை தூக்குற வேலைன்னு இட்டுக்கினு போய், கப்பல் ஏஜென்ட்டுகிட்ட வித்துட்டு, ஊர்ல மனை வாங்கிட்டானாம். பின்னால கப்பலேறிப் போன நம்மூருக்காரங்க சொன்னாங்களாம். அந்த அண்ணன் பேரு பரசுராமன். அந்தப் பேரை அவங்க யாருக்குமே வைக்கிறதில்லையாம். அவன் வம்சம் இருக்குதான்னு கேக்குறாங்க."

அந்த மனையில்தான் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கொள்ளுத்தாத்தா பேரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். இத்தனை வருஷமாகப் பாசம் என்று நம்பி ஊற்றிய கூழ், பாவத்துக்குப் பயந்து ஆரம்பித்த கூழ்! அப்பனும் தாத்தனும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினான், சரி. ஏற்றிவிட்டது சொந்த அண்ணன்.

"அவனுக்கு வாரிசே இல்லன்னு சொல்லும்மா. நாம வேற தம்பி வழின்னு சொல்லு."

பிரியதர்ஷினி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அப்படியே சொன்னாள். ஷாரோன் கண்கலங்கி அவரைக் கட்டிக்கொண்டாள். பரசுராமனுக்கு உடம்பு கூசியது.

கோயிலில் மைக்கைப் பிடித்திருந்த நாட்டாண்மை பஞ்சாட்சரத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "அடுத்து நம்ம பரசுராமன் வூட்டு ரெண்டாங்குடம்! எங்கப்பா இருக்கிற பரசுராமா? பாப்பாவை முன்னால அனுப்பு!" என்று முழங்கினார்.

ஷாரோனுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பேர் தெரியும். கூட்டம் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது என்று அவளும் பார்த்தாள். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னாள்.

"இன்னாம்மா சொல்றாங்க?"

பிரியதர்ஷினி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அண்ணங்காரன் ஏமாத்துனதைக்கூடப் பசிக் கொடுமைன்னு மன்னிச்சிடலாமாம். இன்னிக்கு நீ ஏமாத்துனியே, அதுக்கு இன்னா காரணம்னு கேக்குறாங்க."