பல்லால் கேட்டவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துபாய் அல் குசைஸில் காரை வருடாந்திரச் சோதனைக்கு விட்டுவிட்டு டீக்கடை தேடி நடந்துகொண்டிருந்தேன். ஒரு பட்டறையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே, பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்திய பாலைவன பைக் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. ஒருவர் ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே பிரேக்கையும் அழுத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் மண்டியிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் தலையில் ஊன்றி, அதன் கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். கண்களை மூடியிருந்தார். முகத்தில் தொழுகையில் இருப்பவரின் அமைதி.

நான் பார்த்தது அவ்வளவுதான். டீயும் குடிக்கவில்லை. (குடித்தேன். குடிக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கிறது.)

ஏன் பல்லால் என்று உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். ஒரு வரியில் பதில் கிடைத்திருக்கும், நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். கேட்காததால் எழுதவேண்டியதாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘லஹ்பாப்பின் செந்நிற மணல்மேடுகளின்மேல் கதிரவன் தன்—’

வேண்டாம். கதிரவனை விட்டுவிடலாம்.

இரண்டாவது தொடக்கம்: ‘வைரவனுக்குச் சொந்த ஊர் பொன்னமராவதிப் பக்கம். மனைவி பானுமதி, இரண்டு பிள்ளைகள், ஒரு—’

பிள்ளைகள் இந்தக் கதைக்குள் வரப்போவதில்லை. உள்ளே கூப்பிடாதவர்களை வாசலில் நிறுத்திவைப்பது மரியாதையில்லை.

மூன்றாவது: ‘அந்த என்ஜின் மூச்சுவிடும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.’

இது இருக்கட்டும். ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் சிலிண்டர் சுவரிலேயே ஓட்டைகள் இருக்கும். பெட்ரோல் கலந்த புதுக்காற்று உள்ளே வரும் நேரத்தில், எரிந்த புகை போகும் ஓட்டையும் திறந்தே கிடக்கும். அதனால் புதுக்காற்றில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். இதைத் தடுக்க ஒரு விசித்திரமான வழி கண்டுபிடித்தார்கள். வயிறு பெருத்து வால் சிறுத்த புகைக்குழாய். வெடியின் ஒலியலை அந்தக் குழாய்க்குள் ஓடி, சிறுத்த இடத்தில் மோதித் திரும்பி வருகிறது. வரும் வழியில், தப்பித்து ஓடிய புதுக்காற்றைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளுகிறது. பிஸ்டன் ஓட்டையை மூடுகிறது. வெடி. மறுபடி ஓட்டம், மறுபடி திரும்பல். ஒரு நொடிக்குள் நூறு தடவைக்குமேல். தன் எதிரொலியைத் தின்று உயிர்வாழும் இரும்பு!

ஆனால் எதிரொலி சரியான நேரத்துக்கு வந்து சேர்வது குறிப்பிட்ட வேகத்தில்தான். அதுவரை என்ஜின் சோம்பிக் கிடக்கும். அந்த வேகம் வந்ததும் முழுச்சக்தியும் ஒரே உதையாக வந்து விழும். அந்த உதையை உந்துதலாக மாற்றுவதுதான், ஸ்க்ரூடிரைவரைக் கடித்திருந்த மெக்கானிக்கான வைரவனின் வேலை. புகை போகும் வாயில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் ஸ்பிரிங்கை இறுக்கினால் கதவு தாமதமாக, நிதானமாகத் திறக்கும். பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துளைக்கு ஜெட் என்று பெயர். அதைச் சின்னதாகவோ பெரியதாகவோ மாற்றலாம். கைவேலை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் காது.

3

பட்டறை சாதிக் பாட்ஷாவுடையது. அதிராம்பட்டினத்துக்காரர். ‘வைரவன் செட் பண்ணின வண்டி’ என்று கேட்டு ராஸ் அல் கைமாவிலிருந்துகூட ஆள் வரும். ஆனால் வைரவன் மணலில் வண்டி ஓட்டியதே இல்லை. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் போய்த் திரும்புவார், கேட்பார், திருகுவார்.

ஹிஃப்ஸா கீழக்கரைக் குடும்பம், ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவள். கட்டட வடிவமைப்பு ஆபீஸில் வேலை. வார விடுமுறையில் முந்நூறு சிசி பைக்கோடு மணலுக்குப் போய்விடுவாள். குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்தாள்.

“அண்ணா, பாதி மேடு வரைக்கும் ஓகே. அப்புறம் சடன்னா ஒரு கிக். ஃப்ரன்ட் வீல் மேல போயிடுது.”

“பவரைக் கொஞ்சம் கொறைச்சு விடவா மேடம்?”

“கொறைக்காதீங்க. எனக்கு எல்லாமே வேணும். ஆனா சொல்லிட்டு வரணும்.”

வைரவனுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. ஸ்பிரிங்கை மாற்றினார். குளிர்காலக் காற்று கனமானது; பெட்ரோலும் கூடுதலாகக் கேட்கும். குறைவாகக் கொடுத்தால் என்ஜின் தாங்காமல் சூடாகும். ஆனால் அதற்குமுன் எச்சரிக்கும். தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு கிணுகிணுப்பு வரும். சந்தில் ஓட்டிப் பார்த்தார். கிணுகிணுப்பு இல்லை. பழைய ஜெட்டே போதும் என்று வண்டியைக் கொடுத்தார்.

மறு வாரம் லஹ்பாப்பில் ஒரு பெரிய மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, முழு வேகத்தில், அந்த என்ஜின் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. ஹிஃப்ஸா முன்னால் தூக்கியெறியப்பட்டாள். வண்டி அவள் தலைக்குப் பக்கத்தில் புரண்டு இறங்கியது. காறையெலும்பு முறிந்தது. வண்டி இன்னும் ஒரு முழம் தள்ளிப் புரண்டிருந்தால்—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

4

பிக்கப்பில் வந்த வண்டியை வைரவன் பிரித்தார். பிஸ்டனின் ஓரம் மெழுகுபோல் உருகியிருந்தது. சாதிக் பாட்ஷா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“வைரவா, இது ரொம்ப நேரம் கத்தியிருக்குமேப்பா. ஓட்டிப் பாத்தப்ப உனக்குக் கேக்கலையா?”

முதல் வரைவில் இந்த இடத்தில் வைரவனைப் பொய் சொல்ல வைத்தேன். ‘மட்டமான பெட்ரோலா இருக்கும் பாய்’ என்றார். எழுதி முடித்ததும் கதை சப்பென்று போய்விட்டது. பொய் சொன்ன வைரவனுக்கு அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. பட்டறையைக் கூட்டிப் பெருக்கினார், டீ குடித்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

“கேக்கல பாய்.”

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கு கொஞ்ச நாளாகத் தூரத்தில் ஒலிப்பதுபோல் இருப்பதும், ஊருக்குப் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டாலும் ‘சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு’ என்று மனைவியிடம் எரிந்து விழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இதுவரை எத்தனை பேருக்கு வண்டி கொடுத்திருக்கிறோம் என்று யோசித்தார். டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கராமாவில் ஷியாமளா என்று ஒரு காது டாக்டர். வைரவனிடம் விவரம் கேட்டுவிட்டு, ஓர் உலோக இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார்.

“கேக்குதா?”

“இல்லீங்க.”

அதே கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார். வைரவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“டாக்டர்! மண்டைக்குள்ளயே பாடுது!”

“உள்ள நரம்பு நல்லாத்தான் இருக்கு. வாசல்ல இருக்கிற குட்டி எலும்பு இறுகிடுச்சு. அதனால காத்து வழியா வர்ற சத்தம் உள்ள போகலை. ஆபரேஷன் பண்ணலாம், யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா எலும்பு வழியா வந்தா உங்களுக்கு இப்பவும் கேக்கும்.”

“எந்த எலும்பா இருந்தாலுமா?”

“பல்லு வழியாக்கூட” என்று டாக்டர் சிரித்தார்.*

[* இந்தக் காட்சிக்காக நானும் ஒரு காது டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்டது. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.]

5

புது பிஸ்டன், புது சிலிண்டர். கிணுகிணுப்பு வரட்டும் என்றே வைரவன் சின்ன ஜெட்டைப் போட்டார். சாதிக் பாட்ஷா ஆக்சிலேட்டரை முறுக்கி, பிரேக்கை அழுத்தி என்ஜினுக்குப் பாரம் கொடுத்தார். வைரவன் ஸ்க்ரூடிரைவரைக் கடித்தார்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் இன்னொன்று. மேல்வரிசைப் பல்லில் சரளைக்கல் தெறித்தது.

கையைத் தூக்கினார். சாதிக் பாட்ஷா என்ஜினை நிறுத்தினார்.

“பாய், கத்துது பாய்! இந்தக் கத்து கத்துது! இதையா நான் கேக்காம விட்டேன்?” வைரவனின் கண்ணில் தண்ணீர். அது துக்கமா சந்தோஷமா என்று முடிவுசெய்ய முயன்றேன். இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான்.

பெரிய ஜெட்டைப் போட்டதும் கிணுகிணுப்பு அடங்கியது. (ஷட்டர் வழியாக நான் பார்த்தது இந்த இடமாக இருக்கலாம்.)

எலும்பு கூடியபிறகு ஹிஃப்ஸா வந்தாள். இங்கே அவள்மேல்தான் எனக்குச் சந்தேகம். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவள் அதே பட்டறைக்கு எதற்கு வருகிறாள்? வண்டியை விற்பதற்காக வந்தாள் என்று எழுதினேன். அது உண்மையும்கூட.

வைரவன் அவளை உட்காரவைத்துச் சொன்னார். “மேடம், எனக்குக் காது போயிருச்சு. அது தெரியாமயே வண்டியக் குடுத்துப்புட்டேன். தப்பு என்னோடது. இனிமே வேற மெக்கானிக்கிட்டக் காட்டுங்க.”

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“வாப்பா வண்டிய வித்துடுன்றாங்க. நானும் ஆல்மோஸ்ட் சரின்னுட்டேன்.” எழுந்துபோய் சீட்டைத் தொட்டாள். “இப்ப எப்படி இருக்கு?”

“சரியா இருக்குன்னு பல்லு சொல்லுது.”

“பல்லா?”

என்ஜினை ஓடவிட்டுக் காட்டினார். அவளும் ஒருமுறை கடித்துப் பார்த்தாள். உடம்பெல்லாம் அதிர, விட்டுவிட்டாள்.

“அண்ணா, சண்டே லஹ்பாப் வாங்க. ஃபர்ஸ்ட் நீங்க ஏறுங்க. அப்புறம் நான் டிசைட் பண்றேன்.”

“மணல்ல நான் ஏறுனதே இல்ல மேடம்.”

“எனக்குத் தெரியும். அதான் கூப்பிடுறேன்.”

6

காலை வெயில் இதமாக இருந்தது. முதல் தடவை வைரவன் மேட்டின் கால்வாசியிலேயே விழுந்தார். வாயெல்லாம் மணல்.

“உக்காராதீங்க அண்ணா, நில்லுங்க! முட்டியால டேங்கைப் புடிங்க. பயந்துபோய் த்ராட்டிலை விட்டா வீல் புதைஞ்சிடும்!” ஹிஃப்ஸா கீழேயிருந்து கையாலும் காட்டினாள்.

இரண்டாவது தடவை விடவில்லை.

இங்கே நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

மணல் எதிரே சுவர்போல் எழுந்தது. சக்கரம் கொஞ்சம் தடுமாறியது, பிடித்தது. முட்டிகள் டேங்கை நெருக்கின. அப்போது கீழே, தொடையெலும்பில், ஒரு முனகல் புறப்பட்டது. இடுப்புக்கு வந்தது. ஒவ்வொரு முதுகெலும்பாக மேலே ஏறியது. சக்தி வருகிறது, வருகிறது என்று அவர் உடம்பே அவருக்குச் சொன்னது. வந்தபோது அது உதைக்கவில்லை. பெரிய உள்ளங்கை ஒன்று முதுகில் வைத்துத் தள்ளியதுபோல் தூக்கிக்கொண்டு போனது. மணல் கீழே வழிந்தது. அவருக்குள் இருந்த எலும்பெல்லாம் காதாகிவிட்டது. அதில் எங்கேயும் சரளைக்கல் சத்தம் இல்லை. ஓடிப்போன ஒலி திரும்பி வந்துகொண்டே இருந்தது, நொடிக்கு நூறு தடவை, ஒரு தடவையும் வழி தவறாமல்.

உச்சியில் முழு வேகத்திலேயே என்ஜினை அணைத்தார். உள்ளே எரிந்தது எப்படி என்று காட்டிக்கொடுப்பது ஸ்பார்க் பிளக்கின் நிறம்தான். கழற்றிப் பார்த்தார். வெளுத்திருந்தால் ஆபத்து. டீ நிறத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவப்பு அலைகள் அப்படியே உறைந்து நின்றன.

ஹிஃப்ஸா மூச்சுவாங்க நடந்து ஏறி வந்தாள்.

“இத்தனை வருசமா இதையா மேடம் நான் திருகிட்டிருந்தேன்?” என்றார் வைரவன். “இம்புட்டுப் பெருசுன்னு யாருமே சொல்லலையே.”

7

பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, வண்டியைக் கீழே இறக்கினார்கள். ஹிஃப்ஸா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “போலாமா?” வைரவன் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டாரா, சாதிக் பாட்ஷா அவரை வைத்துக்கொண்டாரா என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை ஒவ்வொரு வண்டியின் கடைசிச் சோதனையிலும் சாதிக் பாட்ஷா கூட இருக்கிறார். ‘போலாமா’ என்ற இந்த ஒரு கேள்விதான் நான் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

“போலாம்” என்றார் வைரவன்.

முடிவு அ: அவள் ஏறிவிடுகிறாள், உச்சியில் கையை—

முடிவு ஆ: உச்சிக்குச் சற்றுக் கீழே என்ஜின்—

இரண்டையும் எழுத உட்கார்ந்தேன். இரண்டிலும் வைரவன் கீழே நின்று கண்ணை மூடிக்கொள்வதாகத் திட்டம். படம் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வண்டி கிளம்பி மணல் பீறிட்ட அந்த நொடியில், நான் எழுதாமலே, அவர் ஓடத் தொடங்கிவிட்டார். சேஃப்டி ஷூவுக்குள் மணல் நிரம்புகிறது. இரண்டடி ஏறினால் ஓரடி சரிகிறார். வண்டி பாதி மேட்டைத் தாண்டுகிறது. முன்சக்கரம் தரையிலேயே இருக்கிறது. அவர் நிற்கவில்லை. வண்டி உச்சியில் ஒரு கணம் வானத்தில் தெரிந்து, அந்தப் பக்கம் மறைகிறது.

ஓடுகிறவரின் எலும்பு எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து காற்று வழியாக வரும் சத்தமும் அவருக்கு எட்டாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பது உச்சிக்குப் போனால்தான் அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்சதூரம் இருக்கிறது. கைகளையும் ஊன்றி ஏறிக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்குக் காது நன்றாகத்தானே இருக்கிறது. கேட்டுச் சொல்லுங்கள்.